கூரையில்லா காரும் பாம்பன் உப்புக்காற்றும்!

1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த காலத்தில் ஓடிக்கொண்டிருந்த ‘பிரீமியர் 118 என்.இ’ நினைவிருக்கிறதா? பெட்டி மாதிரி இருக்குமே, அதேதான்! அதற்கு இத்தாலியில் ஓர் அழகான ஒன்றுவிட்ட அக்கா உண்டு: ‘ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர்’.

இரண்டுக்கும் வேர், 1966-ல் வந்த ஃபியட் 124. நம்மூர் காருக்கு அதன் உடலும் நிஸான் இன்ஜினும். ஸ்பைடருக்கோ சக்கர இடைவெளியை 14 செ.மீ குறைத்து, பினின்ஃபரினா நிறுவனம் புது உடலே வரைந்தது. இன்ஜின், முன்பு ஃபெராரியில் இருந்த லாம்ப்ரெடியின் கைவண்ணம். இரண்டு கேம்ஷாஃப்ட்களையும் சுழற்ற, சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். துணிக்கூரையை சீட்டில் உட்கார்ந்தபடியே மடக்கிவிடலாம்!

ஆனால், சிக்கலும் கூரையில்தான். மூடிய அட்டைப்பெட்டியை முறுக்கினால் லேசில் வளையாது. மூடியைக் கிழித்துவிட்டால் துவண்டுவிடும். காரும் அப்படித்தான். கூரை தாங்க வேண்டிய பாரத்தையும் தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டமும் சேர்த்துச் சுமக்கின்றன. துருவுக்குப் பிடித்த இடங்களும் இவைதான். ராமேஸ்வரம் கரையில் இப்படியொரு பழைய கார் விலைக்கு வந்தால், பளபளக்கும் பெயின்ட்டில் மயங்காதீர்கள். குனிந்து, கதவடிச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். கதவு மூடும்போது இடிக்கிறதா? சட்டம் ஏற்கெனவே தொய்ந்திருக்கலாம்.