அப்பாவுக்கு வந்த வேர்க்குரு

அப்பாவின் முதல் வருஷத் திதிக்காக அவர் படத்தைப் பெரிதுபண்ணக் கொடுத்திருந்தேன். ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வந்து பெருமையோடு அம்மாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தவள், "யாருடா இது?" என்றாள்.

கேள்வி நியாயம்தான். படத்தில் இருந்தவர் சோப்பு விளம்பரத்தில் வரக் கூடியவர். பளிங்குக் கன்னம். என் அப்பாவுக்கோ ஐந்து வயதில் பெரியம்மை வந்து முகமெல்லாம் தழும்பு. (இந்தியாவை விட்டு அது போனது 1975-ல். அப்பா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.)

ஸ்டூடியோக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கொடுத்தது 1980-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு கன்னத்திலும் பூஞ்சை. போட்டோஷாப்பில் 2002-லிருந்து 'ஹீலிங் பிரஷ்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. தோல் நன்றாக இருக்கிற இடத்திலிருந்து சொரசொரப்பை எடுத்து, கெட்டுப்போன இடத்தில் அங்குள்ள வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஒட்டிவிடும். எது பூஞ்சை, எது அம்மை என்று அதற்கென்ன தெரியும்? கழுத்தை எடுத்துக் கன்னத்தில் தடவிவிட்டார் மனிதர்.

"அறுபதாம் கல்யாணத்துப் படம் கலர்லயே இருக்கேம்மா..."

அம்மா ஒப்பவில்லை. இது ஜாதகத்தோடு வந்த படமாம். அந்த நாளில் ஸ்டூடியோவில் நெகடிவ் மேலேயே பென்சிலால் தீட்டி முகத்துக் குறையை மறைத்துக் கொடுப்பார்கள். அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். "நேர்ல பாத்து அந்தப் பொண்ணு ஏமாறக் கூடாதுன்னாராம். தழும்போட பாத்துத்தான்டா நான் சரின்னேன்."

அப்புறம் என்ன, அக்கா பையனின் கம்ப்யூட்டர் முன்னால் அம்மாவும் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

போட்டோஷாப்பை எழுதி 1990-ல் வெளியில் விட்டவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி. தம்பி ஹாலிவுட்டில் தந்திரக் காட்சிக்காரர். இல்லாததைக் காட்டுவது குடும்பத் தொழில். எனக்கு வேண்டியதோ, இருந்ததைத் திரும்பக் கொண்டுவருவது.

பையன் வழி சொன்னான். படத்துக்கு மேல் ஒரு லேயர். அதில் சரிபாதிச் சாம்பல் நிறம். 'ஓவர்லே' என்று மாற்றினால் சாம்பல் மறைந்துவிடும். அதைவிட வெளுத்த இடம் கீழே இருக்கும் முகத்தை வெளுப்பாக்கும், கறுத்த இடம் கறுப்பாக்கும். அம்மா சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தேன், மார்கழிக் கோலம் மாதிரி. பிறகு 'எம்பாஸ்' என்ற ஃபில்டர். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விளிம்பில் வெளிச்சம், எதிர் விளிம்பில் நிழல். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. நான் படித்த பி.காம். உபயோகப்பட்டது அன்றுதான்.

அம்மா உற்றுப் பார்த்தாள். "தழும்பு இல்லைடா இது. வேர்க்குரு."

நிஜம்தான். கன்னமெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டூடியோ விளக்கு அப்பா மேல் விழுந்தது வலது பக்கத்திலிருந்து. எம்பாஸ் வெளிச்சம் போட்டது இடது பக்கத்திலிருந்து. வெளிச்சம் திசை மாறினால் பள்ளம் மேடாகிவிடுகிறது, பாருங்கள்! பழையபடி புள்ளிக்குப் போய், கோணத்தை 135-லிருந்து 45 ஆக்கினேன். வேர்க்குரு அத்தனையும் உள்ளே போயிற்று.

முகம் இன்னும் பிளாஸ்டிக் மாதிரி மின்னியது. பழைய ஃபிலிமில் வெள்ளித் துகள்கள் மணலாகத் தெரியுமே, அது இல்லை. 'நாய்ஸ்' மூன்று சதவீதம், ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற அளவில் தூவினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள்.

"மோவாய்ல ஒண்ணு உண்டு. ஷேவ் பண்ணும்போது எப்பவும் அங்கதான் வெட்டிப்பார்."

மவுஸை நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே... ஆங், அங்கதான்."