முதல்நாள் மாலை

சென்ற தை மாதத்தை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மகள் வீட்டில் கழித்தபோது, வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி சென்டிகிரேடைக் காட்டிய ஒரு காலையில், பக்கத்துப் பண்ணையில் வசிக்கும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தம்மைவிடச் சில வருஷங்களே இளையதான தமது டிராக்டரைத் துயிலெழுப்பும் வைபவத்தைக் காணும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. இரவெல்லாம் பெய்து பாதையை மூடிவிட்ட பனியை அதைக்கொண்டுதான் ஒதுக்கியாக வேண்டும்.

அது 1951ஆம் வருஷத்துப் போர்டு 8என். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாகி, அந்நாட்டுச் சிறு விவசாயிகளின் கொட்டகைகளில் குதிரையின் ஸ்தானத்தைப் பெற்ற ஜாதி அது. நம் வயல்களில் உழும் டீசல் டிராக்டர்களைப் போலன்றி, நான்கு சிலிண்டர்களோடு பெட்ரோலில் ஓடுவது.

குளிர் ஓர் இன்ஜினைக் கொள்ளையிடுவது ஒரே வாசல் வழியாக அன்று. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை; ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே பொறியை ஏற்கிறது. கடுங்குளிரில் அதன் மிக லேசான அம்சங்கள் மட்டுமே ஆவியாகுமாதலால், காற்று வரும் வழியை அடைத்துப் பெட்ரோலை மிகுதியாக இழுக்கச் செய்யும் ‘சோக்’ என்ற சாதனம் அவசியமாகிறது. எண்ணெயோ பாகுபதம் அடைந்து பிஸ்டன்களைப் பற்றிக்கொள்கிறது. அதை மீறிச் சுழற்றுவதற்கு வழக்கத்தினும் அதிகச் சக்தி தேவைப்படும் அதே சமயத்தில், பேட்டரிக்குள் நிகழும் ரசாயன மாறுதல் மந்தமாகி, அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. கல்யாணம் வைத்த வருஷம் பார்த்து மகசூல் பாதியான குடும்பத்தின் கதிதான். அதிலும் இந்த வண்டியின் பேட்டரி வெறும் 6 வோல்ட். 12 வோல்ட் செய்யும் வேலையை அது செய்ய இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதைத் தாங்கத் தடித்த கேபிள்களும் துருவேறாத முனைகளும் வேண்டும். மெல்லிய கேபிளை மாட்டிவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்கள் அநேகர் என்று பெரியவர் சிரித்துக்கொண்டார்.

அவருடைய தந்தையார் காலத்தில் சிரமம் இன்னும் அதிகம். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவிகிதம் விரிந்து இரும்பையே பிளந்துவிடுமாதலால், மாலைதோறும் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, காலையில் அடுப்பில் சுடவைத்த நீரை ஊற்றுவார்களாம். 1912லேயே காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்ட போதிலும், டிராக்டர்களில் வெகுகாலம் ஹாண்டில்தான். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டுமேயன்றி, மேலிருந்து அழுத்தலாகாது. பொறி முந்திக்கொண்டால் ஹாண்டில் எதிர்ப்புறம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். பஸ்ஸின் முகப்பில் கிளீனர்கள் ஹாண்டில் போடுவதைப் பார்த்து வளர்ந்தவனாதலால், இந்தப் பாடம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அந்தத் தைரியத்தில், “நான் கிளப்பிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டேன். பெரியவர் மறுக்காமல் இரும்பு இருக்கையில் என்னை ஏற்றிவிட்டார். கியர் நடுநிலையில் இருந்தது. கிளட்சை மிதித்துக்கொள்ளச் சொன்னார். கியர்ப்பெட்டியின் கெட்டிப்பட்ட எண்ணெயையும் சேர்த்துச் சுழற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்கு அதனால் குறையும். சோக்கை இழுத்தேன், கியர்த் தண்டின் அருகிலுள்ள பொத்தானை அழுத்தினேன். இன்ஜின் முனகிச் சுழன்று, இருமுறை இருமியது. அந்த இருமலைக் கேட்டதுமே சோக்கைப் பாதி உள்ளே தள்ளியிருக்க வேண்டும். நானோ ஆர்வத்தில் இன்னும் பலமாக இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான், கார்புரேட்டரின் அடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வெண்பனியில் விழ, வாசனை மூக்கைத் துளைத்தது. இந்த வண்டியில் கலவை கீழிருந்து மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால், ஏற மாட்டாத மிச்சமெல்லாம் தரைக்கே திரும்புகிறது. பிளக்குகள் நனைந்துவிட்டன.

பெரியவர் ஒரு வார்த்தையும் கடியவில்லை. சோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, “காபி குடித்துவிட்டு வரலாம்” என்றார். கால் மணி நேரம் கழித்து வந்து அவரே அழுத்தினார். மூன்றாவது சுற்றில் வண்டி உறுமி, கரும்புகை கக்கி, ஓடத் தொடங்கியது.

விரலின் சாமர்த்தியம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்று மாலை வேலை முடிந்தபின் அவர் செய்ததைக் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. காலியிடத்தில் ஈரம் படிந்து நீராகி உறையாதிருக்கப் பெட்ரோல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். பெட்ரோல் குழாயை மூடினார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு ஹீட்டரை மாட்டி, மூக்கின்மேல் பழைய மெத்தை விரிப்பொன்றைப் போர்த்தினார். காலையில் நான் பார்த்ததெல்லாம் முந்தின மாலையின் பலனேயன்றி வேறன்று.

கடைசியாகப் பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் அடிமேல் அடிவைத்து, அவர் வீட்டுச் சமையலறை அடுப்போரத்தில் இறக்கி வைத்தேன்.