பிள்ளைக்காம்பராவும் பள்ளிக்கூடமும்

நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது 1885 ஆம் ஆண்டில். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி, இத்தனை உயரத்துக்கு இருப்புப்பாதை அமைப்பது அக்காலத்தில் எளிய காரியமன்று. ஆயினும் அமைத்தார்கள். தோட்டத்து விளைபொருள் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தாக வேண்டும் என்ற தேவை இருந்தது. அத்தேவைக்குப் பின்னால் அதிகாரம் இருந்தது. அந்த விளைபொருளைத் தன் வியர்வையால் ஆக்கித் தந்த தொழிலாளியின் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் வந்தது எப்போது? தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். இடைவெளி 92 ஆண்டுகள்! விஞ்ஞானத்தின் பயன் யாரை முதலில் அடைய வேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, ஆள்வோரே தீர்மானிக்கின்றனர்.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டத் துரையிடம் விட்டது. கொழுந்து பறிக்கக் கை தேடுகிறவரிடம், அந்தக் கையில் ஏட்டைக் கொடு என்று சொல்லப்பட்டது! கடமையும் ஆதாயமும் முரண்பட்டு நிற்கும் ஒருவரிடம் பிறர் நலனை ஒப்படைக்கலாகாது என்பது சட்டம் பயின்றோர் அறிந்த பாலபாடம். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாட்டுக்குக் கதவைத் திறந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வாசலுக்கு வெளியே நின்றன. 1948 இல் குடியுரிமை பறிபோயிற்று; 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்காக வாதாட யாருக்கு என்ன அவசியம்?

அரசு பொறுப்பேற்ற பின்னரே லயத்துப் பிள்ளைகளிலிருந்து ஆசிரியரும் சட்டத்தரணியும் வைத்தியரும் பெருகினர். இந்த அனுபவம் புகட்டும் பாடத்தை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் கற்கவில்லை. கட்டாயக் கல்வி 1998 இல் 5 முதல் 14 வயதுக்கென விதிக்கப்பட்டு, 2016 இல் 16 வரை நீட்டப்பட்டது. ஐந்துக்கு முந்திய காலம் யாருடைய பொறுப்பு? பிரசவ விடுமுறை 84 நாள். அது முடிந்ததும் தாய் மலைக்குப் போகிறாள். குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியிருக்கலாம். ஆனால் அதன் பொறுப்பு தோட்டக் கம்பனிக்கும் நலன்புரி நிதியத்துக்கும் இடையே கிடக்கிறது. முன்பள்ளி மேற்பார்வையோ மாகாண சபையின் அதிகாரம். பல பேர் பொறுப்பு எவர் பொறுப்புமன்று. கதவு அடைபட்ட நாளில் தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்கு நின்றுவிடுகிறாள். ஒரு பூட்டு இரு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது.

இதே குறைதான் புதிய விஞ்ஞானத்திலும் தலைகாட்டியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடப்பட்ட பாடசாலைகள், இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபரிலேயே படிப்படியாக மீண்டும் திறந்தன. அக்காலமெல்லாம் பாடம் கைத்தொலைபேசி வழியே வரும் என்றார்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி இருந்தால், அது வேலைக்குப் போன தந்தையின் சட்டைப்பையில் இருந்தது. அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மேடும் குன்றும் ஏறினர். இலாபமுள்ள இடத்தில் கோபுரம் எழுந்தது. லயத்தின் மீது நிழலே விழுந்தது. விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. கணித, விஞ்ஞான ஆசிரியருக்கு ஏங்கும் மலையகத்தில், நல்லாசிரியர் ஒருவரின் பாடம் ஒரே வேளையில் பல பள்ளிகளை எட்டுமாயின் அது பெரும்பேறு. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். பிள்ளை அதைத் தேடிப் பாறை ஏறலாகாது.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 27 ஆம் உறுப்புரையில், எல்லோர்க்கும் சமமான கல்வி வாய்ப்பை வாக்களிக்கிறது. 29 ஆம் உறுப்புரையோ, அவ்வாக்குறுதியை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்கிறது. கொடுத்த கையே பறித்துக்கொள்ளும் விந்தை இது! ஆகவே சாதாரணச் சட்டத்தின் மூலமே இக்குறையைத் தீர்க்க வேண்டும்.

நமது கோரிக்கைகள் மூன்று. பிள்ளைக்காம்பராவை அரசு பொறுப்பேற்று, பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு அரசே சம்பளம் வழங்க வேண்டும். தாய் பிரட்டுக்குச் செல்லும் வேளை முதல் மாலை நிறுவை முடியும் வரை அது திறந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அனுமதிப்பத்திரத்தில், தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இணைப்பு வழங்குவதை நிபந்தனையாக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 இல் சம்பளச் சபை வாயிலாக அதைப் பெற்றோம். சம்பளம் இன்றைய அடுப்பை எரிக்கும். பிள்ளைக்காம்பராவும் பள்ளிக்கூடமும் நாளைய தலைமுறையை லயத்திலிருந்து வெளியே கொண்டுவரும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுங்கள். 2003 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் நம்மிடம் வாக்கு முழுமையாக இருக்கிறது. அதைக் கேட்டு வருவோரிடம், பிள்ளைக்காம்பராவின் சாவியை யார் வைத்திருக்கிறார் என்று முதலிற் கேட்போம்.