கொத்தனார் இல்லாத வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருமிக்க நடத்தியிருக்கிறார்கள் விஞ்ஞானிகள். கொத்தனாரும் இல்லை, புரோகிதரும் இல்லை.

இந்த வீட்டுக்குச் செங்கல், ஜீவராசிகளின் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் இழையின் சிறு துண்டு. அவ்விழையில் நால்வகை எழுத்துக்கள் உண்டு. அவற்றுள் ‘ஏ’ என்பது ‘டி’யைத்தான் கைப்பிடிக்கும், ‘ஜி’ என்பது ‘ஸி’யைத்தான். பொருந்தாத சம்பந்தத்துக்கு அவை எளிதில் இணங்கமாட்டா.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பெங் யின் என்பவரும் அவருடைய தோழர்களும், செங்கல் ஒன்றுக்கு 32 எழுத்து என்று வகுத்தார்கள். அவற்றை 8 எழுத்துக்கொண்ட நான்கு பகுதிகளாக்கி, எந்தச் செங்கல் எதன் பக்கத்தில் அமரவேண்டுமோ அதற்கேற்ப எழுதினார்கள். நூற்றுக்கணக்கான இத்தகைய செங்கற்களை உப்புக் கரைசலில் இட்டுச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டார்கள். ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ள, ஒரு கனசதுரம் எழும்பிற்று! அதன் பக்கம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 40,000 கனசதுரங்களை வரிசையாக அடுக்கலாம்.

வேறு வடிவம் வேண்டுமானால் உளி தேவையில்லை. வேண்டாத செங்கற்களைத் தொட்டியில் போடாமல் விட்டால் போதும். இவ்விதம் 102 வடிவங்கள் செய்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

இத்துறைக்கு விதை ஊன்றியவர் 2021-இல் காலஞ்சென்ற நாட்ரியன் ஸீமன். புரதங்களைப் படிகமாக்குவது பெரும்பாடு. டி.என்.ஏ.யினால் ஒரு சட்டம் கட்டி, அதற்குள் புரதத்தை ஒழுங்காக நிறுத்தினால், எக்ஸ்-ரே கொண்டு அதன் உருவத்தை அறியலாமே என்று 1980-இல் அவருக்குத் தோன்றிற்று. எஷர் என்னும் சித்திரக்காரர் வரைந்த, வரிசை வரிசையாய் மிதக்கும் மீன்களின் படமே அந்த எண்ணத்தைத் தூண்டியதாம். 1991-இல் ஒரு கனசதுரச் சட்டம் கைகூடிற்று. திட்டமிட்டபடி அமைந்த முப்பரிமாணப் படிகம் 2009-இல்தான் வந்தது. இருபத்தொன்பது வருஷம்!

“இதனால் என்ன பிரயோஜனம்?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் 2018-இல், டி.என்.ஏ.யைக் குழாயாகச் சுருட்டி, இரத்தத்தை உறையவைக்கும் பொருளை அதற்குள் அடைத்து, புற்றுநோய் கண்ட எலிகளுக்குச் செலுத்தினார்கள். கட்டியை அடைந்ததும் குழாய் திறந்து, கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுத்தது. எலியிடம் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று இப்போதே பந்தல் போடுவது தகாது. ஆனால், பிரயோஜனத்தை முதல் வருஷத்திலேயே கேட்டிருந்தால் ஸீமனுடைய சட்டம் எழும்பியிராது. நம் குழந்தைகளில் ஒன்று மீன் படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், உடனே அதட்டி எழுப்பாமல் சற்றுப் பொறுப்போமாக.