மணியின் வாயைக் கட்டுகிறவன் யார்?

ஆலையில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வரும்? தோழர்களே, அது நமக்கு மனப்பாடம். "மின்கசிவு காரணமாக இருக்கலாம்." அது எடுபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது தொழிலாளியின் பீடி! மின்கசிவும் பீடியும் மட்டும் இல்லாவிட்டால் நிர்வாகங்கள் வாய் திறக்க வழியே இருக்காது.

பொறி எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. பொறி பிறந்த பிறகு உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைக் கிளறிக்கொண்டே இருந்தால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்பது முதலாளிகளின் கணக்கு. நாம் அந்த இரண்டாவது கேள்வியையே கேட்கிறோம்.

கிராமத்தில் வைக்கோல் போரில் தீப்பிடிக்கிறது. முதலில் பார்த்தவன் கூப்பாடு போடுகிறான். தெருவே குடத்தோடு ஓடி வருகிறது. "சத்தம் போடாதே, நடவு வேலை கெட்டுவிடும்" என்று அவன் வாயைப் பொத்தியவர் எந்த ஊரிலாவது உண்டா? கிடையாது. ஆனால் ஆலைகளில் உண்டு!

மணி அடித்தது, கதவு மூடியது

2012 நவம்பர் 24. வங்க தேசத்தில் டாக்கா நகருக்கு அருகே ஆஷுலியா என்ற இடம். தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற பல மாடித் தையல் ஆலை. கீழ்த்தளத்தில் துணியும் நூலும் குவிந்து கிடந்த இடத்தில் தீப்பற்றியது. மேல் மாடிகளில் தையல் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அபாய மணி அடித்தது. தொழிலாளிகள் எழுந்தார்கள். மேற்பார்வைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "ஒன்றுமில்லை, உட்கார்ந்து தையுங்கள்" என்றார்கள். வாசல்களைப் பூட்டினார்கள். மாடிப்படிகள் எல்லாம் தீப்பிடித்த அதே கீழ்த்தளத்தில்தான் போய் முடிந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 112 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஜன்னல் வழியே குதித்துச் செத்தவர்களும் உண்டு. மேலாளர்கள் தொழிலாளிகளை வெளியேற விடாமல் தடுத்ததை அரசாங்க விசாரணைக் குழுவே எடுத்துச் சொல்ல நேர்ந்தது.

அங்கே யந்திரம் தன் கடமையைச் செய்தது. மனிதனைத் தடுத்தவன் மனிதன். ஒரு ஷிப்ட் உற்பத்தி கெடக்கூடாது என்பதற்காகத் தடுத்தான்!

இதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பு, 1993 மே 10 அன்று, தாய்லாந்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. தீப்பிடித்த முதல் கட்டிடத்தில் அபாய மணி அடிக்கவே இல்லை. மாடியில் இருந்தவர்களிடம் "சின்னத் தீதான், வேலையைப் பாருங்கள்" என்று சொன்னார்கள். கட்டிடம் இடிந்து விழுந்தது. 188 பேர் மடிந்தார்கள். அங்கே ஊமை மணி, இங்கே செவிட்டு மேலாளர். இரண்டு இடத்திலும் சாவு ஒன்றுதான்.

அந்தப் பெட்டி என்ன சொல்கிறது?

பெரிய ஆலைகளின் காவல் அறையிலோ ஆபீஸ் வாசலிலோ சுவரில் ஒரு பெட்டி தொங்கும். பயர் அலாரம் பேனல் என்பார்கள். அது ஏதோ என்ஜினீயர்களின் ரகசியம் என்று நினைத்து நாம் ஒதுங்கிப் போகிறோம். ரகசியம் ஒன்றுமில்லை. ஆலையின் மூலை முடுக்குகளில் இருக்கும் புகை உணரும் கருவிகளும், வெப்பம் உணரும் கருவிகளும், கண்ணாடியை அமுக்கி அபாயம் அறிவிக்கும் சிவப்புப் பெட்டிகளும் ஒயர் மூலம் இதில் வந்து சேருகின்றன. எந்தப் பகுதியில் அபாயம் என்று காட்டி, எல்லோருக்கும் மணியடிப்பது இதன் வேலை.

பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் தீ அபாயம். மஞ்சள் எரிந்தால் பழுது. இந்த மஞ்சள் விளக்கைத்தான் தொழிலாளி முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாதாரணமான பேனலில் ஒயரின் கடைசி முனையில் ஒரு சிறு மின்தடையை மாட்டி, அதன் வழியே எந்நேரமும் கொஞ்சம் மின்சாரத்தை ஓட விட்டிருப்பார்கள். எலி கடித்தோ, ஏணி இடித்தோ ஒயர் அறுந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். உடனே மஞ்சள் விளக்கு எரியும். அதாவது இந்தப் பெட்டி தன் நோயைத் தானே சொல்லிவிடும்! அதைக் கேட்க ஆள் உண்டா என்பதே விஷயம்.

ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் ஓடி வந்து முடிச்சுப் போடவேண்டும். தாமதித்தால் மேஸ்திரியின் வசவு, மெமோ. அபாய மணியின் ஒயர் அறுந்து மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்தால் யாருக்கு மெமோ? நூல் அறுந்தால் முதலாளிக்கு நஷ்டம். ஒயர் அறுந்தால் தொழிலாளிக்குச் சாவு. அவசரத்தின் அளவு இப்படித்தான் தீர்மானிக்கப்படுகிறது!

மூன்று சாக்குப்போக்குகள்

"மணி பொய்யாக அடிக்கிறது, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்பது முதல் சாக்கு. ஏன் பொய்யாக அடிக்கிறது? பஞ்சும் தூசியும் பறக்கும் இடத்தில் புகை உணரும் கருவியை மாட்டினால் தூசியையே புகை என்று எடுத்துக்கொள்ளும். அங்கே வெப்பம் உணரும் கருவி வேண்டும். பஞ்சு போகும் குழாயில் பொறியைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும். இருக்கிற கருவியை முறையாகத் துடைக்க வேண்டும். ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதைத் துடைக்க மட்டும் தெரியாதா? நாய் அதிகமாகக் குரைக்கிறது என்று அதைக் கொன்றுவிட்டுத் திருடனுக்கு வழிவிடுவது என்ன நியாயம்?

"வெல்டிங் வேலைக்காகத் தற்காலிகமாகத் துண்டித்தோம்" என்பது இரண்டாவது. துண்டிக்க வேண்டிய நேரம் வரும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் துண்டித்தவர் யார், எத்தனை மணிக்கு, திரும்ப இணைத்தவர் யார்? நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இணைக்கும் வரை அந்தப் பகுதிக்கு ஓர் ஆளைக் காவல் போடட்டும். எழுதாத தற்காலிகம்தான் நாளைக்கு நிரந்தரமாகிறது.

"எங்களிடம் சர்டிபிகேட் இருக்கிறது" என்பது மூன்றாவது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் எரிந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலையிலும் சர்டிபிகேட் இருந்தது! தீக்குச் சில வாரங்கள் முன்புதான் சர்வதேசத் தரச் சான்று வாங்கியிருந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காகிதம் தீயை அணைக்காது, தோழர்களே. தீயில் முதலில் எரிவதே காகிதம்தான்.

நாம் கேட்க வேண்டியது

பிரிட்டனின் பி.எஸ். 5839 என்ற தரவிதி, வாரம் ஒரு முறை ஒரு சிவப்புப் பெட்டியை இயக்கி மணி அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு பெட்டி. நம் நாட்டிலும் ஐ.எஸ். 2189 என்று இதற்கென்றே ஒரு தரவிதி இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

வாரம் ஒரு நாள் மணியடித்துச் சோதிக்க வேண்டும். மெயின் மின்சாரத்தை நிறுத்தி, பாட்டரியில் பேனல் உயிரோடு இருக்கிறதா, மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் போனவுடன் சாகிற பாட்டரி, தீயில் என்ன உதவும்? பழுது நோட்டைத் தொழிலாளர் பிரதிநிதி பார்க்க உரிமை வேண்டும். இரவு ஷிப்டிலும் பேனலைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். மணி அடித்தால் முதலில் எல்லோரும் வெளியே. பிறகுதான் எந்தப் பகுதி என்று பார்ப்பது. காரணம் தெரிகிற வரை ரீசெட் பொத்தானைத் தொடக்கூடாது. தொட்டால் எங்கே தீ என்ற அடையாளமே அழிந்துபோகலாம். மணி கேட்டு வெளியே வந்தவருக்கு, அது பொய் மணியே ஆனாலும், சம்பளம் பிடிக்கக்கூடாது. எந்த வாசலிலும் உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டு தொங்கக்கூடாது.

நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, உலகத் தொழிற்சங்கங்கள் பெரிய துணிக் கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன. ஆலை ஆலையாகச் சோதனை நடந்தது. பூட்டும் கேட்டுகள் கழற்றப்பட்டன. அபாய மணிகள் பொருத்தப்பட்டன. முதலாளியின் மனம் இளகி நடந்ததல்ல இது, கேட்டதால் நடந்தது.

வயலில் உழைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெண்பிள்ளைகள் ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது சாப்பாடு எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ராத்திரி வாசலைப் பூட்டுகிறார்களா, மணி கடைசியாக எப்போது அடித்தது என்றும் கேளுங்கள்.

இன்றே ஷிப்ட் முடிந்து போகும்போது அந்தப் பெட்டியைப் பாருங்கள். மஞ்சள் எரிந்தால் நான்கு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள். மணியின் வாயைக் கட்ட எவனையும் விடாதீர்கள்!