பல்கலைக்கழகத்திலும் அரைப் பேர்தான்

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறப்போ, சொன்ன கிலோ வரலைன்னா அரைப் பேர். நாள் முழுக்க மலையில நின்றிருந்தாலும் சம்பளம் பாதிதான். மழையா, கொழுந்து இல்லாத மலையா, காய்ச்சலா என்று தராசு கேட்காது.

நம்ம பல்கலைக்கழகங்கள்லயும் அதே தராசுதான். 80 வீத வரவு இல்லைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. பிறகு ‘ரிபீட்’ எழுதினால், எவ்வளவு நல்லா எழுதினாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேலே கிடைக்காது. அதுவும் அரைப் பேர்தானே?

காரணம் சொல்லலாம் என்றால், பெரும்பாலும் கேட்கிறது ‘மெடிக்கல்’தான். போன வருசம் அம்மா மலையில சறுக்கி விழுந்து கால் முறிஞ்சு போச்சு. வேலைக்குப் போகலைன்னா பேர் இல்லை, பேர் இல்லைன்னா சம்பளம் இல்லை. ஐந்து கிழமை நான் ஹட்டனில ஒரு கடையில நின்றேன். இரண்டு பாடத்தில் வரவு போச்சு. மெடிக்கல் கேட்டாங்க. மெடிக்கல் அம்மாவுக்குத்தான் இருந்தது, எனக்கு இல்லை.

மகாபொல 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நல்ல விசயம். ஆனால் வரவு குறைந்தாலோ பரீட்சையில் தவறினாலோ அதுவும் நின்றுவிடும். காசில்லாமல் தவறினவனுக்குத் தண்டனை, இருக்கிற காசையும் நிறுத்துவது! இதைக் கண்டுபிடிச்சவர் லயத்துப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

“படிக்கிறவன் எப்படியும் படிப்பான்” என்று நம்ம ஆட்களே சொல்றாங்க. லயத்திலிருந்து டொக்டரான ஒருத்தரைக் காட்டி, பாதியில வீட்டுக்கு வந்த பத்துப் பேரை மறைக்கிற பேச்சு அது. நான் சும்மா புள்ளி கேட்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜிபிஏ 2.0க்குக் கீழே போனால் ‘ப்ரொபேஷன்’ என்று வைப்பாங்க. குற்றவாளிக்கு நன்னடத்தைக் காலம் வைக்கிற அதே நீதிமன்றச் சொல்தான், எனக்குப் பிடிக்காத சொல். ஆனாலும் பல இடங்களில் ஓர் ஆலோசகரைச் சந்தித்தே ஆக வேண்டும். ‘என்னப்பா நடந்தது?’ என்று ஒருத்தராவது கேட்பார்.

இங்கே அதுகூட இல்லையே. முதல் தடவை வரவு குறையும்போதே கூப்பிட்டுக் கேளுங்கள். வீட்டு வருமானம் நின்றுபோனதையும் காரணமாக எடுங்கள். அப்படி ரிபீட் எழுதுகிறவர்களுக்கு அந்த ‘சி’ எல்லையைத் தூக்குங்கள்.

போன கிழமை ரிபீட் விண்ணப்பம் நிரப்பினேன். பெயர், பதிவிலக்கம், பாடக் குறியீடு, கையொப்பம். காரணம் எழுத ஒரு கோடுகூட இல்லை.