செராமிக் பல் இம்ப்ளான்ட்: நிறத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

பல் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்து, 'டைட்டானியமா, செராமிக்கா?' இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது?

1952-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரோனமார்க், முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திண்டாடினார். எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-ல் மனிதரின் தாடையிலேயே டைட்டானிய வேர்களைப் பொருத்திவிட்டார்.

இப்போது ஜிர்கோனியா என்ற வெள்ளை செராமிக்கும் வந்திருக்கிறது. மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியாது என்பது இதன் பெரிய பிளஸ். ஆனால், மெருகேற்றிய ஜிர்கோனியா கண்ணாடி போல வழுவழுப்பானது. எலும்பு செல்களுக்கோ சொரசொரப்பு வேண்டும்.

வைத்த அன்று இம்ப்ளான்ட் அசையாமல் நிற்பது, சுவரில் ஸ்க்ரூ நிற்பது மாதிரிதான். அதன்பின், சுற்றியுள்ள பழைய எலும்பை உடல் கொஞ்சம் கரைக்கும். புது எலும்பு மெதுவாகத்தான் உருவாகும். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை பிடி சற்றுத் தளரும். 'வலியே இல்லையே' என்று முறுக்கு கடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்! இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் மேற்பரப்பின் வேலை.

அதற்காக, நுண்துகள்களை வேகமாக அடித்தும் அமிலத்தால் அரித்தும் ஜிர்கோனியாவைச் சொரசொரப்பாக்குகிறார்கள். இன்னொரு வழி கோட்டிங். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டை மேலே பூசுவது. விலங்குகளிடம் நடந்த பல சோதனைகளில் எலும்பு சீக்கிரம் ஒட்டியிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். எலும்பு கோட்டிங்கைப் பிடித்துக்கொள்ளும். கோட்டிங் இம்ப்ளான்ட்டை விட்டுவிட்டால்? நான்ஸ்டிக் தவா உரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டைட்டானியத்தின் மீது 1980-களில் போட்ட தடித்த பூச்சுகள் சிலவற்றில் இப்படி உரிதல் நடந்திருக்கிறது. ஜிர்கோனியா, பூச்சுகள் எளிதில் ஒட்டாத பொருள். அதனால் கிளினிக்குகளில் கிடைக்கும் செராமிக் இம்ப்ளான்ட்டுகள் பெரும்பாலும் சொரசொரப்பாக்கப்பட்டவைதான். கோட்டிங் ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் ஆய்வகத்திலும் விலங்குகளிடமும்தான் நடக்கிறது.

எனவே, 'ஸ்பெஷல் கோட்டிங்' என்று கூடுதல் பணம் கேட்டால், மனிதர்களிடம் எத்தனை வருடம் கவனித்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், இவை இருந்தால் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.